உறைந்த வெண்குடையும் பதினோரு நிமிட மெய்க்கீர்த்தியும்

முன்னொரு காலத்தில், கணினி வந்த பிறகும் ராஜாவை வீட்டுக்கு அனுப்ப மறந்துபோன ஒரு நாடு இருந்தது. அதன் அரசர் கடம்பராயருக்கு யானையிலும் குதிரையிலும் ஆசை கிடையாது. தன் நாட்டுக் கணினிகளுக்கென்று சொந்தமாக ஒரு லினக்ஸ் இயங்குதளம் வைத்திருந்தார். அதற்குப் பெயர் வெண்குடை. ஆயிரக்கணக்கான மென்பொருள் பொதிகளைச் சேர்த்துக் கட்டி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பாக வெளியிடுவார்கள். அரண்மனையிலிருந்து அஞ்சலகம் வரை அதுதான் ஓடும்.

போன பதிப்பு வெளியாவதற்கு முதல் நாள் யாரோ ஒரு புண்ணியவான் அவசர அவசரமாக எதையோ உள்ளே நுழைத்துவிட்டார். விளைவு, அரசரின் பிறந்தநாள் வாழ்த்து நாடு முழுவதும் தலைகீழாக அச்சாகி ஒட்டப்பட்டது. ஆகவே இந்த முறை வெளியீட்டுக்கு மூன்று மாதம் முன்பே அரசர் தண்டோரா போடச் சொல்லிவிட்டார்.

"இன்று முதல் வெண்குடை உறைந்தது. எந்தப் பொதிக்குள்ளும் ஒரு வரி உள்ளே வரக்கூடாது."

மற்ற இடங்களில் உறைவுக் காலத்திலும் பெரிய பிழை என்றால் ஒரு சின்னத் திருத்தத்துக்குக் கதவைத் திறப்பார்கள். நம் ராஜா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அலையடித் துறையிலிருந்து ஜெபமாலை என்ற பெண் வந்து சேர்ந்தாள். கடற்கரை அபாயச் சங்கைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. புதுப் பதிப்பை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துச் சொல்கிறோம் என்று தானாக முன்வந்த ஒரே ஊர் அவளுடையது. வாசலில் நின்றவளை விசாரித்தவர் அவையின் விகடகவி சடகோபன்.

"காத்து திரும்புனா கம்ப்யூட்டரே சங்கு ஊதணும் ஐயா. பழசுல உடனே ஊதும். புதுசுல மொதல்ல ராசாவோட பட்டத்தையெல்லாம் வாசிக்குது. பதினோரு நிமிசம். அப்புறந்தான் சங்கு. போன வாரம் என் தம்பி படகு கவுந்து, ரெண்டு நாளு கட்டையப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தான். இதையே எல்லாத் துறையிலயும் போட்டுட்டா எத்தன பேரு திரும்பி வருவாங்க?"

சடகோபனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குச் சிரிப்பு வராத நாள் வருடத்தில் ஒன்றோ இரண்டோதான்.

அந்த மெய்க்கீர்த்தியை எழுதி, உறைவுக்கு முந்தின வாரம் சங்குப் பொதிக்குள் சொருகியவர் பொதிக் கண்காணிப்பாளர் ஏகாம்பரநாதர். தான் புகழ்ந்தால் தலையாட்டும் அரசர், சடகோபன் பேசினால் மட்டும் வயிறு குலுங்கச் சிரிக்கிறாரே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். அதை நீக்கக் கேட்டுச் சடகோபனின் விண்ணப்பம் வந்ததும் நேரே அரசரிடம் ஓடினார்.

"அரசே, சடகோபன் தங்கள் உறைவையும் உடைக்கப் பார்க்கிறார், தங்கள் புகழையும் கத்தரிக்கப் பார்க்கிறார்."

அரசரின் முகம் கறுத்தது. சடகோபனை அழைத்தார். "நாளை அவையில் உமது விளக்கத்தைச் சொல்லும். ஒரு வரி உள்ளே வந்தாலும் உமக்கு இங்கே இடமில்லை."

மறுநாள் அவை கூடியது. வெளியீட்டு விழாவுக்காக அன்று காலைதான் சிம்மாசனத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதை அரசரிடம் சொல்லிவிடும்படி பணியாட்கள் சடகோபனிடம் முன்பே கேட்டுக்கொண்டார்கள். அரசர் வெண்பட்டு உடுத்தி உள்ளே வந்ததும் சடகோபன் கைகூப்பி முன்னால் வந்தார்.

"திரு மருவும் தோளுடைய கடம்பராயர், ஏழு குளம் வெட்டிய ஏந்தல், எட்டுத் திக்கும் கொட்டிய முரசர்..."

மெய்க்கீர்த்தி ஓதும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது, அரசர் உட்பட. அது அந்த அவையின் மரபு. அரசர் மகிழ்ச்சியோடு போய் உட்கார்ந்தார். சடகோபன் நிறுத்தி நிதானமாகப் பதினோரு நிமிடம் ஓதி முடித்தார்.

"...அரசே, பெயிண்ட் காயவில்லை."

அரசர் எழுந்தார். பட்டு எழ மறுத்தது. இழுத்து எழுந்தபோது பின்பக்கம் வயல்வெளியாக இருந்தது.

"இதை முதலில் சொல்வதற்கென்ன?"

"எச்சரிக்கைக்கு முன் மெய்க்கீர்த்தி என்பது வெண்குடையின் ஏற்பாடு, அரசே. அலையடியில் காற்று திரும்பும்போது இதுதான் நடக்கிறது. இங்கே போனது ஒரு பட்டு."

ஜெபமாலை கூட்டத்தில் நின்றிருந்தாள். தம்பியின் கதையை அவளே சொன்னாள். அரசர் பட்டில் ஒட்டிய பச்சையைத் தொட்டுப் பார்த்தார்.

"தவறுதான். ஆனால் உறைவு என் வாக்கு. ஒரு வரி உள்ளே வரக்கூடாது என்றேனே."

சடகோபன் தான் கேட்ட திருத்தத்தின் மாற்றப் பட்டியலைத் திரையில் விரித்தார். சேர்ந்த வரிக்குக் கூட்டல் குறி, நீங்கிய வரிக்குக் கழித்தல் குறி. அரசர் மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வரி, அத்தனையும் கழித்தல்.

"உள்ளே எதுவும் வரவில்லை, அரசே. வெளியேதான் போகிறது. வெளியே போகக்கூடாது என்று தாங்கள் சொல்லவில்லை."

அரசருக்கு உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு அவையே அதிர்ந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏற்கப்பட்டது" என்றார். "ஏகாம்பரநாதரே, மெய்க்கீர்த்தியை என் எண்ணெய்க் குளியலின்போது வந்து பாடும். அப்போது எனக்கு அவசரமில்லை. சடகோபனாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"மாற்றக் குறிப்பில் ஒரு வரி, அரசே. குறை சொன்னவர் அலையடி ஜெபமாலை, அவருக்கு நன்றி என்று."

"அது உள்ளே வரும் வரி" என்றார் ஏகாம்பரநாதர்.

"வரட்டும். அதை நானே தட்டுகிறேன்" என்று அரசர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். ஜெபமாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெண்குடை குறித்த நாளில் வெளியானது. ஐப்பசியில் ஒரு மத்தியானம் காற்று திரும்ப, எல்லாத் துறைகளிலும் சங்கு உடனே ஊதியது. சற்று நேரத்தில் அரண்மனைக்குப் போன் வந்தது.

"ஏழு குளம் வெட்டிய ஏந்தல், எட்டுத் திக்கும்..." என்று ஜெபமாலை மரியாதையாக ஆரம்பித்தாள்.

"அதை விடம்மா" என்றார் அரசர். "எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்களா?"

"வந்துட்டாங்க ராசா. நாப்பத்தோரு படகும் வந்துருச்சி. என் தம்பியும் வந்துட்டான். நீங்க நல்லாருக்கணும்."

அரசர் கண் கலங்கச் சிரித்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சடகோபனுக்குப் போர்த்தி, போனையும் அவர் கையில் கொடுத்தார்.

"அந்த நன்றி உமக்குச் சேர வேண்டியது. நீரே கேளும்."