வெள்ளைத் தொப்பி போட்ட பல் டாக்டர்

விடைக்கு வேண்டிய எதையும் இந்தப் புதிரில் நான் ஒளித்துவைக்கவில்லை. அதனால் கடைசியில் முழித்தால் பழி என்மேல் இல்லை.

அமெரிக்காவின் வடபகுதியில், பாதி வருஷம் பனியில் புதைந்து கிடக்கும் ஒரு சிற்றூர். அங்கே பிழைக்கப் போன சாத்தூர்க்காரர் தணிகாசலத்துக்கு, வந்த முதல் குளிர்காலத்திலேயே ஊர்ப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. அவர்கள் ஊர் புட்பாலைத்தான் சொல்கிறேன். பேர்தான் புட்பால். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். நடுவர்கள் ஏழு பேர். தப்பைக் கண்டவர் ஒரு மஞ்சள் துணியைத் தரையில் எறிவார். எறிந்தது யாராக இருந்தாலும், மைக்கில் அறிவிப்பது வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை நடுவர்தான். கோடிகள் புரளும் ஆட்டம். நடுவர்களுக்கோ அது ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாட்களில் ஒருவர் வக்கீல், இன்னொருவர் வாத்தியார். ரசிகர்களின் வயிற்றெரிச்சலே இதுதான்.

வெள்ளைத் தொப்பிக்காரர்களில் ஒருவரான வால்டர் இதே ஊரில் பல் டாக்டர். அவருடைய கிளினிக்கில் போன் எடுத்து நேரம் குறித்துக் கொடுப்பவர் தணிகாசலத்தின் மனைவி மங்கையர்க்கரசி.

பக்கத்துப் பெரிய நகரத்து அணிதான் ஊருக்கே உயிர். அந்த வருஷம், ஜெயித்தால் இறுதிச் சுற்றுக்குள் நுழையலாம் என்ற ஆட்டம் வந்தது. கடைசி நிமிஷத்தில் எல்லையைத் தாண்டி ஜெயித்தும்விட்டார்கள். பார்த்தால் புல்லில் மஞ்சள் துணி கிடக்கிறது. வால்டர் மைக்கைத் திறந்து, ஆளைப் பிடித்து இழுத்தது தப்பு, எடுத்த புள்ளி செல்லாது என்றார். ஆட்டம் கைவிட்டுப் போனது. டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். யாரும் யாரையும் இழுக்கவில்லை. ஆனால் இந்த வகைத் தீர்ப்பை வீடியோ பார்த்து மாற்ற விதியில் இடமில்லை. துணி யார் கையிலிருந்து விழுந்தது என்பது எந்தக் கேமராவிலும் பதியவில்லை.

தணிகாசலம் உட்கார்ந்து அழுதார். நானாக இருந்தாலும் கொதித்திருப்பேன். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊர் ரசிகர்களின் பேஸ்புக் குழுவில் ஒரு புனைபெயரில் எழுதினார்: தப்பை ஒத்துக்கொள்ளும்வரை அந்த டாக்டரிடம் யாரும் வாயைத் திறந்து காட்டாதீர்கள். அது காட்டுத்தீயாகப் பரவியது. எழுதியது யார் என்று மங்கை ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு நாளும் போன் வந்தது. எல்லாம் நேரத்தை ரத்து செய்யச் சொல்லித்தான். டாக்டரிடம் புருஷனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாமல், புருஷனிடம் சண்டைபோட்டு ஜெயிக்கவும் முடியாமல் அவள் நடுவில் நசுங்கினாள்.

“நீங்க எழுதினதுக்கு நான்ல போன எடுத்து, சரிங்க சரிங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றாள் ஒருநாள். அவர் தப்பை முதலில் ஒத்துக்கொள்ளட்டும் என்றார் தணிகாசலம்.

அந்த வாரமே பனிப்புயல் வந்தது. கூடவே தணிகாசலத்துக்குக் கடைவாய்ப் பல்வலியும் வந்தது. கன்னம் வீங்கிவிட்டது. சாலைகள் மூடிக்கிடந்தன. நடந்து போகும் தூரத்தில் இருந்தது வால்டரின் கிளினிக் மட்டும்.

நாற்காலியில் சாய்ந்ததும், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேவிட்டார். வால்டர் முதலில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். நாக்கு தடித்து, வாயில் பஞ்சு ஏறிய பிறகு, வெளியே சொல்வதில்லை என்று தலையாட்டினால் சொல்கிறேன் என்றார். தணிகாசலம் தலையாட்டினார்.

“துணியை எறிந்தது நான் இல்லை. இந்த வருஷம்தான் சேர்ந்த ஓர் இளைஞன். கைக்குழந்தையோடு அந்த அணியின் நகரத்திலேயே குடியிருக்கிறான். தெரிந்தால் அவன் வீட்டு வாசலுக்கே போய்விடுவார்கள். நான் இல்லை என்று சொன்னாலே போதும், மற்ற ஆறு பேரில் யார் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் வசவு எனக்கே இருக்கட்டும்.”

தணிகாசலம் எதையோ சொல்லப் பார்த்தார். எச்சில்தான் வழிந்தது. பல்லைப் பிடுங்கி முடித்த வால்டர், வெளியே வந்து மங்கையிடம், ஆட்கள் வருவதே இல்லை, அடுத்த மாதத்தோடு கிளினிக்கை மூடப்போகிறேன், வேறு வேலை பார்த்துக்கொள்ளம்மா என்றார். முப்பது வருஷம் நடத்திய இடம். இதைத் தொடங்கி வைத்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் மங்கை சொன்னாள்: “உள்ள என்ன பேசினீங்கன்னு நான் கேக்கல. உங்க மூஞ்சியப் பாத்தாலே ஏதோ தெரிஞ்சுக்கிட்டீங்கன்னு தெரியுது. தெரிஞ்ச பெறகும் சும்மாவா இருக்கப் போறீங்க?”

தணிகாசலம் பனியில் நின்றுவிட்டார். உண்மையைச் சொன்னால் வாக்குப் போகும், ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆபத்து. டாக்டர்மேல் குற்றமில்லை என்று மட்டும் சொன்னாலும் அதே கதிதான். அந்தத் தீர்ப்பு சரிதான் என்று புளுகலாம் என்றால், நாடே வீடியோ பார்த்திருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் கிளினிக் மூடிவிடும்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்கும் கெடாமல், பொய்யும் சொல்லாமல், அந்த இளைஞனையும் காட்டிக்கொடுக்காமல் கிளினிக்கைக் காப்பாற்றத் தணிகாசலம் செய்யவேண்டியது என்ன?

விடை: ஆட்டத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவேண்டாம். துணியை எறிந்தது யார் என்பது டாக்டரின் ரகசியம். டாக்டரிடம் போகாதீர்கள் என்றது தணிகாசலம் சொன்ன தீர்ப்பு. அதை மாற்றக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவர் அதைத்தான் செய்தார். புனைபெயரை விட்டுத் தன் சொந்தப் பேரில், தொடங்கியவன் நான், செய்தது தப்பு, நானே அவரிடம்தான் பல் பிடுங்கிக்கொண்டேன், நீங்களும் போங்கள் என்று எழுதினார். ஒரு வாரத்தில், விலகிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஆனால் குழுவில் அவரை விடவில்லை. திடீரென்று ஏன் மாறினாய், எவ்வளவு வாங்கினாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சொல்வதற்கு அவரிடம் பதில் இருக்கிறது, சொல்ல முடியாது. பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு திட்டு வாங்குபவர்கள் அந்த ஊரில் இப்போது இரண்டு பேர்.