பெயர் போகாது, எண் மட்டும்தான்

"இலவசமாக் கொடுத்துட்டு எப்படி மேடம் சாப்பிடுதது?"

"கையாலதான்," என்றார் சுமையா.

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

சுமையாவின் அலுவலகம் மேலப்பாளையத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. பாட்டைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் மென்பொருள் ஒன்றை உருவாக்கி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார். சர்ச் பாடகர் குழுவிலிருந்து கல்யாணக் கச்சேரிக்காரர்கள் வரை அந்த வட்டாரத்தில் எல்லோர் கம்ப்யூட்டரிலும் அதுதான்.

அருமைநாயகம் அவரைவிட வயதில் மூத்தவர். தொழிலுக்குப் பிந்தி வந்தவர். சந்தேகம் வந்தால் இங்கே வந்துவிடுவார். இவர் மேடம் என்பார், அவர் சார் என்பார். குரு சீடர் உறவு அந்த அளவில் நடந்துகொண்டிருந்தது.

அருமைநாயகமும் ஒரு செயலி செய்திருந்தார். பெயர் 'சுதி'. போனை எதிரே வைத்துக்கொண்டு பாடினால், சுருதி சேர்ந்த இடமெல்லாம் பச்சை காட்டும். விலகினால் சிவப்பு. அதுவும் இலவசம்தான். ஊர் ஊராக எடுத்து வைத்துக்கொண்டு பாடினார்கள். அதில் வந்த விளம்பரக் காசு, ஆபீஸில் டீ குடிக்கத்தான் கண்டது.

"உங்களுக்கு மட்டும் எப்படி ஓடுது?"

"வெட்டி ஒட்டுதது இலவசம். நாகசுர ஒலி, தவில் ஒலி தனியா வேணும்னா விலை. பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிக் கொடுத்தா கூலி. மனசிருக்கவங்க ஏதாவது அனுப்புவாங்க. மனசில்லாதவங்க வைவாங்க."

"எதுக்கு வைதாங்க?"

"அதுவும் இலவசம்தானே சார்."

அருமைநாயகம் நாற்காலியை முன்னால் நகர்த்திக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒரு கம்பெனி வந்திருக்கு மேடம். பாடுதவங்க காசே கொடுக்க வேண்டாமாம். எங்க இருந்து பாடுதாங்க, எப்பப் பாடுதாங்க, என்ன போன், இதை மட்டும் கேக்காங்க. பாடின பதிவையும் சேர்த்துக் கொடுத்தா இன்னும் நல்ல விலை."

"பாடினதெல்லாம் உங்ககிட்ட இருக்கா?"

"எங்க கம்ப்யூட்டருக்கு வந்துரும். செயலியை இன்னும் நல்லாப் பண்ணத்தான். எல்லாரும் சம்மதம்னு அமுக்கிட்டுத்தானே உள்ள வாராங்க?"

"படிச்சுட்டா அமுக்குதாங்க?"

"அதை யாரு படிப்பா?"

"எழுதின நீங்க படிச்சிருப்பீங்க."

அருமைநாயகம் மின்விசிறியைப் பார்த்தார். அந்தப் பக்கங்களை அவர் வேறொரு செயலியிலிருந்து எடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருந்தார். ஓரிடத்தில் மாற்ற விட்டுப்போயிருந்தது.

"ஒரு தப்பும் இல்ல மேடம். பெயர் போகாது, எண் மட்டும்தான். போன் நம்பர்கூட இல்ல, ஆளுக்கு ஒண்ணா செயலி போட்ட எண். அது யாரு என்னன்னு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது."

சுமையா தன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு எண்ணை எடுங்க."

"எதை?"

"எதையாவது. பக்கத்து ஆளா இருந்தா நல்லது."

அருமைநாயகம் லேப்டாப்பைத் திறந்து, பாளையங்கோட்டை என்று தேடி, முதலில் வந்ததை அமுக்கினார்.

"வாசிங்க."

"மகாராஜநகர் பக்கம். அட, எங்க ஏரியா! எங்க ஏரியாலயே ஆள் இருக்கு பாருங்க."

"எப்பப் பாடுவாரு?"

"காலையில. எல்லாரும் ஆபீசுக்குப் போன பெறகு. சாயங்காலம் கிடையாது. ஞாயித்துக்கிழமை கிடையாது."

"எப்படிப் பாடுவாரு?"

"எல்லாம் பச்சை மேடம். மேல ஏறுத ஒரே ஒரு இடத்துல மட்டும் சிவப்பு. விடாம அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பாடுதாரு." தன் செயலியின் பெருமையில் அருமைநாயகத்தின் முகம் மலர்ந்தது. "என்னா பிடிவாதம்!"

"பாடாத நாள் உண்டா?"

"போன மாசம் ஒரு வாரம் பாடல. ஊருக்குப் போயிருப்பாரு."

"போன மாசம் நீங்களும் ஒரு வாரம் என் போனை எடுக்கலையே சார்."

"காய்ச்சல் மேடம். அசைய முடியாம வீட்டுலயே..."

அருமைநாயகம் நிறுத்தினார்.

திரைக்குப் பக்கத்தில் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். அதில் போன் மாடல் இருந்தது. கல்யாண நாளுக்கு அவரே கடை கடையாக அலைந்து வாங்கிக் கொடுத்த மாடல்.

"அவ பாட மாட்டாளே," என்றார்.

"யாரு?"

"பியூலா. என் வீட்டுக்காரி. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே சொன்னா மேடம், எனக்குப் பாட வராதுன்னு."

எண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் பாட்டுக் கேட்கும். அவர் விரல் அதன் மேல் போய் நின்றது.

"கேக்கவா மேடம்?"

சுமையா எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே டயர் மாற்றுவதை மும்முரமாகப் பார்க்கத் தொடங்கினார்.

விரல் நின்றுகொண்டே இருந்தது.

பிறகு அருமைநாயகம் லேப்டாப்பை மூடினார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். பாதி வழியில்தான், காலில் கிடப்பது டயர் கடைக்காரரின் செருப்பு என்று தெரிந்தது.

*

வீட்டில் இதைப்பற்றி வாயே திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டு போனார். சாப்பிட உட்கார்ந்து, பியூலா சோற்றில் சொதி ஊற்றும் வரைக்கும் அந்தத் தீர்மானம் தாங்கியது.

"மேல ஏறுத இடத்துல, கொஞ்சம் மூச்சை மிச்சம் வெச்சுக்கிட்டா சரியா வந்துரும்."

கரண்டி நின்றது.

"எந்த இடத்துல?"

"இல்ல, பொதுவாச் சொன்னேன்."

"எந்த இடத்துலன்னு கேட்டேன்."

சொன்னார். கம்பெனியைச் சொன்னார், எண்ணைச் சொன்னார், பச்சையும் சிவப்பும் சொன்னார்.

"ஆனா பாட்டைக் கேக்கல. சத்தியமாக் கேக்கல பியூலா."

"கேக்க நெனச்சிருந்தா கேட்டிருக்கலாமா?"

"கேட்டிருக்கலாம்."

பியூலா கரண்டியைக் கீழே வைத்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது.

"அன்னைக்கு எங்க அக்கா வந்திருந்தப்ப, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அணைக்க மறந்துட்டேன். நாங்க உங்க அம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். அதுவும் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கும்," என்றார் அருமைநாயகம். அதோடு விட்டிருக்கலாம். "என்ன பேசுனீங்க?"

பியூலா போனை எடுத்து, அவர் கண் முன்னாலேயே 'சுதி'யை அழித்தாள்.

"கிறிஸ்துமஸுக்குக் கோயில்ல என்னைத் தனியாப் பாடச் சொல்லியிருக்காங்க. நீங்க ஒண்ணும் தெரியாம பெஞ்சுல உக்காந்திருக்கும்போது, எந்திரிச்சுப் போய்ப் பாடணும்னு நெனச்சேன்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

*

அதன் பிறகு அந்த எண்ணில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆபீசுக்குப் போகிறேன் என்று இரண்டு தடவை உரக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் பார்த்தார். "போயிட்டு வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பேச்சுக் குரல்தான்.

மறுபடியும் டயர் கடைப் படியேறினார். இந்தத் தடவை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

"பாட மாட்டேங்கா மேடம். மன்னிப்புக் கேட்டாச்சு. அவ பதிவு பூராத்தையும் அழிச்சாச்சு. அக்காவும் அவளும் பேசினதையும் கேக்காமலே அழிச்சுட்டேன். அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது."

"நல்லது," என்றார் சுமையா. "அடுத்தவரை எடுங்க."

"யாரை?"

"அடுத்த எண்."

அருமைநாயகம் லேப்டாப்பைத் திறந்தார். அடுத்த எண்ணை அமுக்கினார். ஊர் வந்தது, தெரு வந்தது. யாரோ ஒருவர் அரைத் தூக்கத்தில் எழுந்து, விடிவதற்குள் பாடி முடித்துவிடுகிறார்.

"வாசிங்க சார்."

அவர் வாசிக்கவில்லை.

*

கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆபீஸில் வேலை பார்த்த இருவரையும் உட்கார வைத்து, செயலியை அடியிலிருந்து மாற்றினார். பாடினது போனைவிட்டு வெளியே வராது. சேர்த்து வைத்திருந்த எல்லாப் பதிவையும் அழித்தார்கள். வேலை முடிந்ததும் இருவரும் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவருக்கும் அதே கேள்விதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பியூலாவின் முன்னால் போனை வைத்தார்.

"நெட்டை அணைச்சுட்டேன். இப்பவும் வேலை செய்யும் பாரு. உள்ளயே பாத்து, உள்ளயே அழிச்சிரும்."

பியூலா வாயைத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் அருமைநாயகமே பாடிக் காட்டினார்.

முதல் வரி சிவப்பு. இரண்டாம் வரி சிவப்பு. மூன்றாம் வரியில் கண்ணை மூடிக்கொண்டு உருகினார். அதுவும் சிவப்பு.

பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சரியாத்தான் வேலை செய்யுது," என்றாள். "எவ்வளவு?"

"உனக்கு எதுக்குக் காசு? எல்லாருக்குமே இலவசம்தான்."

"பழையபடி இலவசமா?" அவள் போனை அவர் பக்கம் தள்ளினாள். "எனக்கு வேண்டாம்."

"எதுவும் எடுக்கலைன்னு சொல்லுதேன்லா."

"எதுவும் எடுக்காம ஆபீஸ் கரண்ட் பில்லை யாரு கட்டுவா? காசு வாங்குங்க. காசுன்னா எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியும்."

அருமைநாயகம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"மாசம் முப்பது ரூபா," என்றார் கடைசியில்.

பியூலா உள்ளே போய் எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். வீட்டுச் செலவுக்கு அவரே கொடுத்த பணம்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சரி, கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க," என்றாள் பியூலா. "நான் பாடணும்."