பாசியில் பசை ஏறியது

அந்தக் காலத்தில் நண்டு, சங்கு, பாசி எல்லாமே வாய் ஓயாமல் பேசும். கேட்கத்தான் ஆள் இருக்காது. அப்போது பாசியில் இளசு, முற்றல் என்ற பேச்சே கிடையாது. எத்தனை மாதமானாலும் குருத்து போல மெத்தென்றே இருக்கும். கொஞ்சம் நீண்டு வளர்ந்தால் போதும், அலை பிய்த்துக்கொண்டு போய்விடும்.

தீவுக்கரையில் நம்புவள்ளி என்று ஒருத்தி இருந்தாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்குத் தினமும் கடலில் மூழ்கிப் பாசி பறிப்பாள். பாறையோரம் இருந்த ஒரு பாசிக்கொத்தோடு மட்டும்தான் அவளுக்குப் பேச்சு. "நேத்து சோறு இறங்கல" என்பாள். "ஏன்?" என்று அது கேட்கும். அப்படிக் கேட்க அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

வாடைக்காற்று தொடங்கினால் நாலு மாதம் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். அதற்கு முந்தின நாள், அடித்தூரை மட்டும் விட்டுவிட்டு எல்லாப் பாசியையும் அறுத்துவிடுவது வழக்கம். அறுத்தால்தான் புதிதாகத் துளிர்க்கும். நம்புவள்ளியும் அறுத்தாள். இந்தக் கொத்தில் கை வைக்க மட்டும் மனசு வரவில்லை.

"உன்னையும் அறுத்துட்டா நான் யார்கிட்ட பேசுறது? நான் வர்ற வரைக்கும் இரு."

"இருக்கேன்" என்றது பாசி.

சொல்லிவிட்டது, சரி. இருப்பது எப்படி? சுற்றிலும் மொட்டைப் பாறை. அலை பிடித்து இழுக்கிறது. பாசி கடலிடம் கெஞ்சியது.

"பசை தர்றேன், உப்பும் தர்றேன். உடம்பு உறுதியாகும்" என்றது கடல். "ஆனா உன் பேச்சு அந்த இளசுலதான் இருக்கு. பசை ஏற ஏற வாய் ஒட்டிக்கும்."

கடல் எதைத்தான் சும்மா கொடுத்திருக்கிறது?

"அலை என்னைக் கொண்டுபோயிட்டா பேச்சு எதுக்கு? குடு" என்றது பாசி.

மாதாமாதம் பசை ஏறியது. தண்டு தடித்தது, நிறம் கறுத்தது. பேச்சு குறைந்து குறைந்து நின்றே போனது. ஒரு மீன்கூட அந்தப் பக்கம் வரவில்லை. பாவம், அவளை நினைத்துக்கொண்டே தனியாகக் கிடந்தது.

பங்குனியில் நம்புவள்ளி வந்தாள். கூப்பிட்டாள். பதில் இல்லை. பக்கத்துக் குருத்துகளைக் கேட்டாள். "நாங்க இப்பத்தான் முளைச்சோம், எங்களுக்கு என்ன தெரியும்?" என்றன. கறுத்துத் தடித்திருந்த கொத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டது. வேறு எப்படிச் சொல்லும்?

"இது வேற ஏதோ பாசி. அதை அலை கொண்டுபோயிருக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பசி பொறுக்குமா? அந்தக் கொத்தையே அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். கடித்தால் மெல்ல முடியவில்லை. உலையில் போட்டாள். பசையெல்லாம் இறங்கிக் கெட்டிக் கஞ்சியானது. வயிறு நிறையக் குடித்தாள்.

"இப்படி ஒரு கஞ்சி நான் குடிச்சதே இல்ல" என்றாள் காலிச் சட்டியைப் பார்த்து. "அது இருந்திருந்தா போய்ச் சொல்லியிருப்பேன்."

அன்று முதல்தான் பாசி குருத்தில் மெத்தென்று இருப்பதும், வளர வளர உப்பும் பசையும் ஏறி முற்றுவதும், பறிக்கிற கையில் ஒன்றும் சொல்லாமல் ஒட்டிக்கொள்வதும்.