நல்வேளைச் செடிக்குப் பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் ஆடுமாடுகளும் மனிதர்களைப் போலவே பேசின. அப்போது ஒரு தரிசுக்காட்டில் சடைச்சி என்பவள் வெள்ளாடு மேய்த்துவந்தாள். ஒரு நாள் உச்சி வெயிலில் அவள் மந்தையிலிருந்து ஒரு குட்டி வழிதவறிப் போய்விட்டது. அதன் வாடையைப் பிடித்துக்கொண்டு ஓநாய் ஒன்று பின்தொடர்ந்தது.

ஓடிக் களைத்த குட்டி, வெள்ளைப் பூக்களோடு அடர்ந்து நின்ற ஒரு செடிக்குள் வந்து விழுந்தது.

"அக்கா, என்னைக் கொஞ்சம் மறைச்சுக்கோயேன்!"

அந்தச் செடிக்கு அப்போது மல்லிகையைப் போல மணம். தேனீக்கள் அதைவிட்டு நகர்வதே இல்லை.

"மறைச்சு என்ன பண்ண? அது உன் வாடையை மோந்துக்கிட்டே வருதே" என்று செடி தவித்தது. பிறகு தன் வேரைக் கூப்பிட்டது. "உன்கிட்ட இருக்கிற கார நெடியை மேலே அனுப்பு."

"ஏறினா திரும்ப இறங்காதடி. உன் மணமெல்லாம் போயிடும்" என்றது வேர்.

"போகட்டும். பிள்ளை நடுங்குது பார், சீக்கிரம்!"

நெடி தண்டில் ஏறியது. இலைகள் பிசுபிசுத்தன. தேனீக்கள் விலகிப் பறந்தன. குட்டி அந்த இலைகளில் புரண்டு உடம்பெல்லாம் சாற்றைப் பூசிக்கொண்டு மூச்சை அடக்கிக் கிடந்தது.

ஓநாய் வந்து மூக்கை நீட்டியது. ஆட்டு வாடையே இல்லை. நெடிதான் மண்டைக்கு ஏறியது. தும்மித் தும்மிக் கண்ணீர் வழிய, வந்த வழியே ஓடிப்போனது.

சற்று நேரத்தில் சடைச்சி மூச்சிரைக்க வந்துசேர்ந்தாள். குட்டியை வாரி அணைத்துக்கொண்டாள். அது நடந்ததைச் சொன்னதும் செடியைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"நீ கொஞ்சம் பிந்தியிருந்தா என் பிள்ளை போயிருக்குமே! நல்ல வேளை... நல்ல வேளை..." வேறு வார்த்தை வராமல் அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

"அது என் பேரா?" என்று செடி கூச்சத்தோடு கேட்டது. அதுவரை யாரும் அதைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

சடைச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா தாயி, உன் பேர்தான். இனி யார் தப்பிப் பிழைச்சாலும் உன் பேரைத்தான் முதல்ல சொல்லுவோம்."

அன்று முதல்தான் அந்தச் செடி நெடி வீசும் இலைகளோடு, நல்வேளை என்ற பெயரில் வழியோரங்களில் நிற்கிறது. ஆபத்து நம்மை உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் நம் வாயும் "நல்ல வேளை!" என்று அதற்கு நன்றி சொல்கிறது.