கவிராயர் வீட்டுக் குதிர்

முன்னொரு காலத்தில், நாடகம் பார்க்க அவரவர் பாயை அவரவரே சுருட்டிக்கொண்டு போன காலத்தில், மணிமுடிக்கோட்டையைப் பூவராக ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், சாப்பிட்டு எழுந்ததும் அதையே மாற்றிச் சொல்வார். கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் பேச்சுதான் அங்கே சட்டம்.

வருஷா வருஷம் பங்குனியில் நாடகப் போட்டி நடக்கும். சிறந்த நடிப்புக்குப் பொற்சதங்கை. வாங்குகிறவர் அதே நடிப்பை ராஜா முன்னால் இன்னொரு தடவை செய்துகாட்ட வேண்டும் என்பது வழக்கம். ராஜா எந்த நாடகத்திலும் பாதியில் தூங்கிவிடுவார், அதனால் வந்த வழக்கம் அது. யாருக்குச் சதங்கை என்று முடிவு செய்ய, குற்றம் சொல்வதையே தொழிலாக வைத்திருந்த விமர்சகர்கள் ஐந்து பேர் முன்வரிசையில் உட்காருவார்கள். ஐந்து பேர் என்று பெயர்தான். நாலு பேர் மேடையைப் பார்க்கவே மாட்டார்கள். நடுவில் இருக்கிற அம்பலவாணக் கவிராயர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் தலையாட்டினால் இவர்களும் ஆட்டுவார்கள்.

கவிராயர் நாடகக் கொட்டகையில் சிரித்ததே கிடையாது. சிரித்தால் படிப்பாளி என்று எவன் மதிப்பான் என்பது அவர் கட்சி. அதற்காகச் சிரிப்பு வராதா என்ன? வந்து தொலைக்கும். கன்னத்தில் கிராம்பை ஒதுக்கிக்கொள்வார், தொடையைக் கிள்ளிக்கொள்வார், கூரையை அண்ணாந்து பார்ப்பார். நாடகம் முடிந்ததும் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், கதவைத் தாழ் போட்டு, முக்காலியில் ஏறி, நெல் கொட்டுகிற மண்குதிருக்குள் தலையை விட்டு, அடக்கிவைத்ததையெல்லாம் சிரித்துத் தீர்ப்பார். இதற்காகவே அந்தக் குதிரில் நெல் கொட்டாமல் காலியாக வைத்திருந்தார்.

"மூட்டையிலே இருக்கிற நெல்லை எலி தின்னுது. குதிரிலே கொட்டினா என்னங்க?" என்று சம்சாரம் வடிவம்மாள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அந்த வருஷம் இருளாண்டி என்ற கோமாளி ஒரு நாடகம் போட்டான். மாமியாருக்குப் பயந்து மாட்டுக்கு அடியில் ஒளிகிற மாப்பிள்ளை வேஷம். கொட்டகையே உருண்டு புரண்டது. ராஜா தூங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி மேடைமேல் வீசினார். கவிராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரண்மனையே கதி என்று கிடந்தவர்மேல் இதுவரை ஒரு முத்துகூட விழுந்ததில்லை.

நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா, எங்கள் ஐவரில் ஒருத்தர் உதடாவது அசைந்ததா? படித்தவர்கள் சிரிக்காத கூத்து ஒரு கூத்தா? அயல்நாட்டார் கேள்விப்பட்டால் நம் மானம் போய்விடும்."

"அதுதானே," என்றார் ராஜா. "நாளைக்குப் பரிசு கொடுத்து முடிந்ததும் அந்தக் கோமாளி ஊரை விட்டுக் கிளம்பட்டும்."

இருளாண்டி அழாத குறையாக மந்திரி நல்லபெருமாள் வீட்டுக்கு ஓடினான். "எசமான், வீட்டுக்காரிக்கு நிறைமாசம். இந்த வெயிலில் அவளை வண்டியில் போட்டுக்கொண்டு எந்த ஊருக்குப் போவேன்?"

மந்திரி கொஞ்ச நேரம் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வேஷம் போடாமல் வாப்பா. ஒரு சால்வையும் பெரிய அண்டாவும் மட்டும் கொண்டு வா," என்றவர், அவன் காதில் ஏதோ சொன்னார்.

மறுநாள் சபை கூடியது. மந்திரி எழுந்தார்.

"மகாராஜா, இந்த வருஷத்துச் சிறந்த நடிகர் மேடையிலேயே ஏறவில்லை. ஊரே உருண்டு சிரித்தபோது, சிரிப்பே வராதவர்போல உட்கார்ந்திருந்தாரே நம் கவிராயர், அது சாமானிய நடிப்பா? சதங்கை அவருக்குத்தான் சேர வேண்டும்."

கவிராயருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வருஷா வருஷம் அடுத்தவனுக்கு எடுத்துக் கொடுத்த சதங்கை. ஒரு தடவையாவது தன் கைக்கு வராதா என்று ஏங்கியது அவருக்குத்தானே தெரியும்.

"ஒரு சின்ன சந்தேகம்," என்றார் மந்திரி. "சிரிப்பு வந்து அடக்கினீர்களா, வரவே இல்லையா? வரவே இல்லை என்றால் அது நடிப்பாகாது. சதங்கையை வேறு யாருக்காவது..."

"வந்தது, வந்தது," என்றார் கவிராயர் அவசரமாக. "அடக்கினேன். என்ன பாடுபட்டேன் என்று எனக்கல்லவா தெரியும்."

ராஜா புருவத்தை உயர்த்தினார். "நேற்று வேறு மாதிரி சொன்னீரே. சரி, வழக்கப்படி இன்னொரு தடவை அடக்கிக் காட்டும். அடக்கிவிட்டால் சதங்கை உமக்கு, கோமாளி வண்டி கட்டலாம். சிரித்துவிட்டால் சதங்கை அவனுக்கு."

கவிராயர் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இருளாண்டி அவர் மாதிரியே சால்வையைப் போர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். அவனும் கிராம்பை ஒதுக்கினான். கூரையைப் பார்த்தான். தொடையைக் கிள்ளி, வலியில் கண்ணைச் செருகினான். சபை கொல்லென்று சிரித்தது. 'நம் மூஞ்சி இப்படியா இருக்கும்?' என்று கவிராயருக்குச் சிரிப்பு முட்டியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார்.

இருளாண்டி எழுந்தான். விறுவிறுவென்று நடந்தான். இல்லாத கதவுக்குத் தாழ் போட்டான். இல்லாத முக்காலியில் ஏறினான். அண்டாவுக்குள் தலையை விட்டான். உள்ளேயிருந்து "ஹெ... ஹெ... ஹெஹ்ஹே" என்று கணீரென்று ஒரு சத்தம் வந்தது.

சபையில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கவிராயர் ஒருத்தருக்கு விளங்கியது. வாயிலிருந்த கிராம்பு பறந்து போய் ராஜா மடியில் விழுந்தது. தலைப்பாகை ஒருபக்கம், அவர் ஒருபக்கம். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும், அப்பாடா என்று சேர்ந்து சிரித்தார்கள்.

சதங்கையைக் கவிராயர் கையாலேயே இருளாண்டி காலில் கட்டச் சொன்னார் ராஜா. "கோமாளி இந்த ஊரிலேயே இருக்கட்டும். நீர் இனிமேல் ஜனங்களோடு பாயில் உட்கார்ந்து பாரும். சிரிப்பு வந்தும் சிரிக்காமல் இருந்தால் வேலை போய்விடும்." பிறகு மந்திரி பக்கம் திரும்பினார். "அது சரி, அண்டாவுக்குள் என்ன இருந்தது?"

"அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், மகாராஜா," என்றார் நல்லபெருமாள். "நாடகம் நடக்கிற அன்றைக்கெல்லாம் தாழ் போடுகிற சத்தம் கேட்கும், முக்காலி இழுக்கிற சத்தம் கேட்கும், அப்புறம் அவர் வீட்டுக் குதிர் சிரிக்கும்."

கவிராயர் தலையைக் குனிந்துகொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். சபையில் நடந்த சங்கதி அவருக்கு முந்தியே வந்து சேர்ந்திருந்தது. வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே வடிவம்மாள் முக்காலியில் ஏறி நின்று, குதிரில் நெல் கொட்டிக்கொண்டிருந்தாள்.