கண் திறந்த கை

மருதங்கோட்டையை ஆண்டவர்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று இப்போது சண்டை போட்டுப் பயனில்லை. நம்ம கதையில் வருகிற ராசா இரண்டுங்கெட்டான். கோபம் வந்தால் கத்துவார், வெற்றிலை வந்தால் அடங்குவார். அந்த வெற்றிலையை மடித்துக் கொடுக்கிற அடைப்பக்காரர் அரியமுத்து எப்போதும் பக்கத்திலேயே நிற்பார். மந்திரி மன்றாடியும் நடக்காத காரியம், இவர் ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரத்தில் நடந்துவிடும்.

அந்த அரண்மனையில் சடையன் என்று ஒரு சித்திரக்காரன். பத்து வருஷமாகச் சுவர் சுவராக வரைந்தவன் அவன். பெயர் வாங்கியவர் தலைமைச் சித்திரக்காரர் விருப்பாட்சி. அது எப்படி என்று கேட்பீர்கள். சாமிப் படத்துக்குக் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். கண் திறப்பு என்று நாள் குறித்து, மேளம் வைத்து, திரை கட்டுவார்கள். வரைந்தவர் மட்டும் திரைக்குள் போய்க் கண்ணைத் திறந்து, கீழ் ஓரத்தில் தன் பெயரை எழுத வேண்டும். அது முறை. சடையன் முதல் நாளே சத்தமில்லாமல் கண்ணை எழுதி வைத்துவிடுவான். மறுநாள் விருப்பாட்சி பட்டு உடுத்தித் திரைக்குள் போவார். நூறு வரை எண்ணுவார், பெயரை எழுதுவார், நெற்றியில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வியர்த்தவர் போல வெளியே வருவார்.

குற்றம் அவர் மேல் மட்டும் இல்லை. சடையனிடமும் ஒரு வியாதி இருந்தது. படம் நன்றாயிருக்கிறது என்று யாராவது வாய் திறந்தால் போதும், ஓடிப்போய்க் குறையை அவனே காட்டிக்கொடுப்பான்.

இந்தத் தடவை பூசை மண்டபத்தில் அம்மன் கல்யாணம் வரைந்திருந்தான். எட்டு மாச வேலை. கண்தான் பாக்கி. ராசா வருவதற்கு முதல் நாள் அரியமுத்து வந்து பார்த்தார். பார்த்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சடையா, கையெடுத்துக் கும்பிடத் தோணுதுடா."

"எங்கண்ணே. அந்தக் கல்யாணச் சீரில வர்ற குதிரையைப் பாருங்க. வால் கோணல்."

"நீ கத்தரிக்காய் விக்கப் போனா உருப்பட மாட்டே. வாங்க வந்தவன் முன்னால நீயே பிளந்து புழுவைக் காட்டுவே."

சடையன் சிரிக்கவில்லை. இதுதான் தன் கடைசிச் சுவர் என்றான். நாளை மறுநாள் முதல் வெள்ளையடிக்கப் போகிறானாம். சுவர் முழுக்க ஒரே நிறம், மூக்கு முழி என்று எவனும் குறை சொல்ல முடியாது, பேரும் எழுத வேண்டியதில்லை. சொல்லிக்கொண்டே கண் எழுதும் மெல்லிய தூரிகையை மையில் தோய்த்தான்.

அரியமுத்து அவன் கையைப் பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "இந்த அம்மனை எட்டு மாசம் பார்த்துப் பார்த்து வரைஞ்சது நீ. அவ கண்ணைத் திறந்ததும் முதல்ல யாரைப் பார்க்கணும்?"

சடையன் அம்மனை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கண்ணை எழுதாமலே தூரிகையைக் கழுவிச் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் மேளம் கொட்டியது. ராசா ஆசனத்தில் அமர்ந்தார். தாம்பாளத்தில், கண் திறப்பவருக்குப் பரிசாகப் போடும் தங்கக் காப்பு மினுமினுத்தது. விருப்பாட்சி சபையைக் கும்பிட்டுத் திரைக்குள் போனார். சடையன் தூணோரம் நின்றான்.

நூறு எண்ணுகிற நேரம் போயிற்று. இருநூறும் போயிற்று. திரைக்குள்ளிருந்து ஒரு இருமல் வந்தது. மேளக்காரர்களுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் திரை விலகி ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது. இன்று தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை, நிஜமாகவே வியர்த்திருந்தது.

"என்ன ஓய், அம்மன் முழிக்க மாட்டேங்கிறாளா?" என்றார் ராசா.

விருப்பாட்சி கெட்டிக்காரர், சமாளித்தார். "கை சுளுக்கிக்கிட்டது மகாராசா. பாதகமில்லை. என் சீடன் சடையன் திறப்பான். அவன் கை வேறே, என் கை வேறே இல்லை. ரெண்டும் ஒண்ணுதான்."

ராசா தலையசைத்தார். சடையன் திரைக்குள் போனான். மெல்லிய தூரிகையை எடுத்து மையில் தோய்த்தான். அம்மன் கண் திறந்தாள். எதிரே இருந்தவன் அவன் ஒருவன்தான்.

திரையை அவிழ்த்து இறக்கினார்கள். ராசாவே எழுந்து நின்று கும்பிட்டார். விருப்பாட்சி சுளுக்கை மறந்து வலது கையைக் காப்புக்கு நீட்டினார்.

அரியமுத்து வெற்றிலையில் காம்பு கிள்ளிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "மகாராசா, சுளுக்கின கையில காப்பு போட்டா வலிக்கும். ரெண்டு கையும் ஒண்ணுதான்னு அவரே சொல்லிட்டாரு. சுளுக்காத கையில போடுங்க. இவருக்குப் போட்ட மாதிரியே ஆகும்."

ராசா சுளுக்கின கையைப் பார்த்தார். அது விறைப்பாக நீட்டியபடி இருந்தது. மை ஒட்டிய கையையும் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. காப்பு சடையன் கையில் ஏறியது. தன் கைதான் அது என்று சொன்ன விருப்பாட்சி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"பிரமாதமா வரைஞ்சிருக்கே" என்றார் ராசா.

சடையன் வாயைத் திறந்தான். குதிரை வால் பாதி வெளியே வந்துவிட்டது. அரியமுத்து கையிலிருந்த வெற்றிலையை அப்படியே அவன் வாயில் திணித்தார். ராசாவுக்கு மடித்த வெற்றிலை அது. சபை ராசாவின் முகத்தைப் பார்த்தது.

"என்னமோ சொல்ல வந்தானே," என்றார் ராசா. "படத்தில் குறை உண்டா? மென்னு முடிச்சிட்டுச் சொல்லட்டும்."

சடையன் மென்றான். மென்றுகொண்டே காப்பைப் பார்த்தான், அம்மனைப் பார்த்தான். அரியமுத்து பதறிப்போய் அடுத்த வெற்றிலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கடைசியில் சடையன் விழுங்கினான்.

"குறை ஒண்ணு இருக்கு, மகாராசா."

"என்ன?"

"கீழே என் பேர் இல்லை."

ராசா சிரித்த சிரிப்பில் மேளக்காரர்கள் மங்களம் என்று நினைத்துக் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். சடையன் குனிந்து, குதிரை வாலுக்கு நேர் கீழே, தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினான்.

அரியமுத்து மடித்து வைத்திருந்த வெற்றிலையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.