சேனைக்கிழங்கு வறுவலும் பூதலிங்கத்தின் வயிற்றெரிச்சலும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் அல்லிநாட்டைக் குலவாணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் மனசு நாக்கு போன வழியே போகும். இன்றைக்கு ஒருத்தரைத் தலையில் தூக்கி வைப்பான், நாளைக்குப் பொத்தென்று கீழே போடுவான்.

ஒருநாள் மந்திரி சேந்தன் வீட்டுக்கு ராஜா விருந்துக்குப் போனான். மந்திரியின் மனைவி வடிவம்மை சேனைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, மொறுமொறுவென்று வறுத்து, மிளகுப்பொடி தூவி இலையில் வைத்தாள். அவள் அம்மா வீட்டு வழியில் வந்த கைப்பக்குவம் அது. ஒரு துண்டை வாயில் போட்ட ராஜா, சோறும் வேண்டாம் குழம்பும் வேண்டாம் என்று வறுவலோடு உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து சாயங்காலமானால் மந்திரி வீட்டிலிருந்து அரண்மனைக்கு ஒரு பொட்டலம் போகும்.

அரண்மனை மடைப்பள்ளிக்கு அதிகாரி பூதலிங்கம். அதுவரை ராஜா சாப்பிட்டு எழுந்ததும் "பலே, பூதலிங்கம்" என்பது வழக்கம். இப்போதோ அவன் செய்துவைத்த அதிரசத்தில் எறும்பு ஊர்ந்தது. வறுவல் பொட்டலத்தை வாசலில் கண்டாலே அவனுக்கு வயிறு காந்தும். ராஜா மொறுக்கென்று கடித்தால் தன் எலும்பையே கடிப்பதுபோல் இருக்கும். வீட்டில் மனைவி தெரியாமல் சேனை வாங்கிவிட்டாள் என்று அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டான்.

பொறுக்கமாட்டாமல் ராஜாவிடம் போனான். "மகாராஜா, ஊரில் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள்."

"என்னவென்று?"

"மந்திரி வீட்டு அடுப்பு எப்போது எரியும் என்று நம் ராஜா காத்துக் கிடக்கிறாராம்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "நீரே போய்ப் பக்குவத்தைக் கேட்டு வாரும். இனி இங்கேயே வறுக்கட்டும்."

வடிவம்மை எதையும் ஒளிக்கவில்லை. "இதிலே என்ன ரகசியம், அண்ணாச்சி? சீவின கிழங்கைப் புளித்தண்ணியிலே ஊறப் போடணும். அதை மட்டும் விட்டுடாதீங்க. சேனை பொல்லாதது, தொண்டையைப் பிடிச்சுக்கும்."

பூதலிங்கத்துக்கு அது போதும். சமையல்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, கரைத்து வைத்த புளித்தண்ணீரைக் கீழே கொட்டினான். கிழங்கை அப்படியே வறுத்து எடுத்துப் போனான்.

ராஜா ஆசையாய் அள்ளித் தின்றான். கொஞ்ச நேரத்தில் நாக்கு தடித்தது. தொண்டை அரித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அந்தம்மா சொன்னபடிதான் செய்தேன், மகாராஜா. எதையோ மறைத்துவிட்டாள்," என்றான் பூதலிங்கம்.

சேந்தனைக் கூப்பிட்டார்கள். "உமக்கு மந்திரிப் பதவி போயிற்று. நாளைக்கே குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விடும்," என்றான் ராஜா கரகரத்த குரலில்.

பூதலிங்கம் உள்ளம் குளிர்ந்து வீட்டுக்குப் போனான். அவன் போகட்டும் என்று காத்திருந்த சேந்தன், "போகிறேன், மகாராஜா. ஆனால் நாளைச் சபையில் எனக்காக ஒரு சின்ன நாடகம் ஆடவேண்டும்," என்று ராஜாவின் காதில் ஏதோ சொன்னான். நாடகம் என்றதும் ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. சம்மதித்தான்.

மறுநாள் சபை கூடியது. ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"சபையோரே, என் நெஞ்சில் நாள்பட்ட சளி இருந்தது. நேற்று அந்த அரிப்பில் இருமி இருமி அத்தனையும் வெளியே வந்துவிட்டது. பூதலிங்கம் சொன்னது சரிதான். வடிவம்மை புளித்தண்ணீரை மறைத்திருக்கிறாள். ஆனால் என் சளிக்கு வைத்தியமாகத்தான் அப்படிச் செய்தாளாம். இந்த மாலை அவளுக்கு."

சேந்தன் பணிவாகக் கையை நீட்டினான்.

பூதலிங்கம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் பொய்யே நிலைத்திருக்கும். அது அவனுக்கும் தெரியும். பல்லைக் கடித்தான், உதட்டைக் கடித்தான். மாலை மந்திரியின் விரலைத் தொட்டது. அவ்வளவுதான்.

"கொடுக்காதீர்கள், மகாராஜா. அவள் எதையும் மறைக்கவில்லை. புளித்தண்ணீரை விட்டுவிடாதே என்று படித்துப் படித்துச் சொன்னாள். அதைக் கொட்டியவன் நான். மாலை எனக்குத்தான்."

ராஜா மாலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"சளியும் இல்லை, வைத்தியமும் இல்லை. தொண்டை இன்னும் எரிகிறது," என்றான் ராஜா. "நீ ஏன் வாயைத் திறந்தாய்?"

பூதலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். "அந்த முத்துமாலை அவர்கள் வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, மகாராஜா."

ராஜா சேந்தன் பக்கம் திரும்பினான். "அவசரப்பட்டுவிட்டேன், மந்திரி. இந்த மாலையை இப்போது நிஜமாகவே தருகிறேன். வடிவம்மையிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லும்."

பூதலிங்கத்தின் அதிகாரம் போயிற்று. கையில் எண்ணெய் தடவாமல் ஊர் விருந்துக்கெல்லாம் சேனைக்கிழங்கு நறுக்குவதுதான் அவனுக்குத் தண்டனை. முதல் விருந்திலேயே முழங்கைவரை சொறிந்தபடி உட்கார்ந்திருந்தவன், பக்கத்தில் ஒருத்தன் பாட்டுப் பாடிக்கொண்டு அவரைக்காய் நறுக்குவதைப் பார்த்தான்.

"இவனுக்கு மட்டும் எப்படி அவரைக்காய் கிடைத்தது?" என்று முணுமுணுத்தானாம்.